மூணாவது தடைகிட்ட

பயிற்சி அளிக்கப்பட்டதாம். கேட்டுக்குங்க. ‘டச்சஸ் என்னும் பெண்குதிரைக்கு இவ்வாண்டு சிறப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது.’ யாரு அளிச்சா, காத்தா? மானத்துல இருந்து யாராச்சும் எறங்கி வந்து அளிச்சுப்போட்டுப் போனாங்களா? தமிழ் அய்யா மைக்கைப் புடிச்சுட்டு ஆண்டு விழா அறிக்கையை ராகம் போட்டு வாசிக்கறாரு. எழுதிக் குடுத்தது எங்க தலைமைப் பயிற்சியாளர் தேவசகாயம் சார். எழுதச் சொன்னது தாளாளர். அத்தனை பேரு கைபட்டும் யசோதாங்கற மூணெழுத்து அதுல ஏறல. ஏறாட்டிப் போகட்டும், யாருக்கு வேணும். நான் இங்கதான் நிக்கறேன். பள்ளிக்கூடக் குதிரையேற்ற மையத்தோட உதவிப் பயிற்சியாளர், மைதானத்துக்கு நட்டநடுவுல, மூணாவது தடைகிட்ட, ஆரஞ்சு கலர்ல ஒரு மேல்சட்டையை மாட்டிக்கிட்டு, ரோடு போடற எடத்துல கொடி காட்டற ஆளு மாதிரி. தாண்டறப்ப குதிரை காலு பட்டுத் தடைமேல இருக்கற கட்டை விழுந்தா எடுத்து வைக்கோணும். வருசம் பூரா ஒழைச்சதுக்கு இன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை இதுதான், கட்டை பொறுக்கற வேலை. பங்குனி வெயில் மண்டையைப் பொளக்குது. அங்க ஷாமியானாவுக்குள்ள அப்பா அம்மாமாரு எல்லாம் மோரு குடிச்சுட்டு விசிறிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. மொத வரிசையில தாளாளர், வெள்ளை வேட்டி, மடியில தொப்பி. அவரு மொகத்தைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. பொறு யசோதா, பொறு. வாயைத் தொறக்காத. இன்னைக்கு மட்டும் தொறக்காத.

தொறந்தா போச்சு. விதி அப்படி. தாண்டறப்ப வெளிய இருந்து யாரு ஒரு வார்த்தை சொன்னாலும், நாக்கைச் சொடுக்கினாலும்கூட, மணியை அடிச்சு அந்தக் குதிரையை வெளிய அனுப்பிருவாங்க. மணிக்குப் பொறுப்பு தேவசகாயம் சார். மூணு தடவ மொரண்டு புடிச்சு நின்னாலும் மணிதான். மத்த குதிரைக்கு மணி அடிச்சா என்ன, லாயத்துக்குப் போயி கொள்ளு திங்கும். டச்சஸுக்கு அடிச்சா திங்கக்கிழமை வண்டி வந்து ஊட்டிக்கு ஏத்திட்டுப் போயிரும். அங்க டூரிஸ்ட்டுகளை ஏத்தி ரவுண்டு விடற ஒருத்தன் வியாழக்கிழமையே வந்து வாயைப் பொளந்து பல்லைப் பாத்து, முதுகைத் தட்டிப்போட்டு, தலையாட்டிட்டுப் போனான். தட்டறதைப் பாரு, பூசணிக்கா வாங்கறவனாட்டம். நான் பாத்திருக்கேன் அந்தக் குதிரைகளை. பஸ் ஸ்டாண்டு ஓரத்துல குப்பையில கெடக்கற கேரிபேக்கைத் தின்னுக்கிட்டு, சேணத்துக்குக் கீழ தோலு வழண்டு, ஈ மொச்சுக்கிட்டு, தூறல்ல தலையைத் தொங்கப் போட்டு நிக்குமே, அதுக. அதுகளோட இதையும் கொண்டுபோயி நிறுத்தோணுமாம். ஏன்னா இது பள்ளிக்கூடக் குதிரை இல்லையாம். எனக்கு மட்டும்தான் போகுமாம். ஆமா, எனக்கு மட்டும்தான் போகும், அதுக்கு இப்ப என்ன? போக வெச்சவ நானில்லையா?

‘ஜூன் திங்களில் புதிய மாணாக்கர் சேர்க்கை நடைபெற்றது.’ நடைபெற்றது, நடைபெற்றது. அந்த ஜூன்லதான் அது வந்துச்சு. பந்தயத்துல ஓடி ஓடி, இனி ஓடாதுன்னு கழிச்சு விட்டதை தாளாளருக்குத் தெரிஞ்ச யாரோ தானம் மாதிரி அனுப்பி வெச்சாங்க. லாரியில இருந்து எறங்கறப்பவே கண்ணு வெள்ளை தெரிய முழிச்சுக்கிட்டு, ஒடம்பு பூரா வேர்த்து, பலகைமேல காலை வைக்க மாட்டேங்குது. வேடிக்கை பாக்க வந்த டீச்சருக எல்லாம் ‘வாவ், சோ பியூட்டிஃபுல்’னு போன்ல போட்டோ புடிச்சாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. பந்தயக் குதிரைக்கு ஒரு கோளாறு உண்டு. மத்த குதிரை எல்லாம் லகானை இழுத்தா நிக்கும். இதுகளுக்கு இழுத்தா ஓடுன்னு அர்த்தம். ஜாக்கி இழுத்துப் புடிக்கப் புடிக்க அந்த இழுப்பு மேலயே சாஞ்சுக்கிட்டுப் பறக்கும். பழக்கி வெச்சிருக்கறதே அப்படி. சின்னப் பசங்க என்ன பண்ணும்? பயந்துட்டா மொதல்ல இழுக்கத்தான் இழுக்கும். பயந்த புள்ளை இழுக்கும், இழுத்தா இது ஓடும், ஓடினா புள்ளை இன்னும் இழுக்கும். அப்பறம் ஆம்புலன்ஸ்தான். இதைச் சொன்னேன். தேவசகாயம் சார்கிட்டச் சொன்னேன், தாளாளர்கிட்டயும் சொன்னேன். ‘அதுக்குத்தானேம்மா உங்களை வெச்சிருக்கோம்’னாரு தாளாளர். வெச்சிருக்கோம். பித்தளைக் குண்டான் வெச்சிருக்கற மாதிரி.

மொத தடவ ஏறினன்னைக்கு என்னை இழுத்துட்டு ஓடிருச்சு. நானும் இழுத்தேன், தெரிஞ்சும் இழுத்தேன், கை கேக்குமா அந்த நேரத்துல. காதோரம் காத்து கிழியுது, எதிர்ல காம்பவுண்டு சொவரு பெருசாயிக்கிட்டே வருது, மேல பதிச்சிருந்த கண்ணாடிச் சில்லுகூடத் தனித்தனியாத் தெரியுது. செத்தோம்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல. சாமி பேருகூட வரல, ‘ஏ கழுதை’னுதான் வாயில வந்துச்சு. அடித்தொண்டையில இருந்து கத்தினேன், ‘ஏ கழுதை, நில்லுடி!’ கையை விட்டுட்டேன். கத்தினதுலயா, கை விட்டதுலயான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, சொவத்துகிட்டப் போயி நின்னுருச்சு. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. அது காதைத் திருப்பி என்னைக் கேக்குது. ரெண்டு காதையும் பின்னால மடக்காம, பக்கவாட்டுல, இன்னும் ஏதாச்சும் சொல்றியான்னு கேக்கற மாதிரி. அன்னைக்கு முடிவு பண்ணினேன், லகானே வேண்டாம், வாயாலயே பழக்கிப்புடலாம்னு. அதுல என்ன தப்பு? சொல்லுங்க, வேற எப்படிப் பழக்கறது? ஒதுங்கி நின்னு தத்துவம் பேசறதுக்கு எல்லாருக்கும் தெரியும். ஏறிப் பாத்தாத் தெரியும் சேதி.

‘ஆகஸ்டு திங்களில் சுதந்திர தின அணிவகுப்பில் நமது குதிரைகள் கம்பீரமாகப் பங்கேற்றன.’ பங்கேற்றன, டச்சஸைத் தவிர. பேண்டு சத்தத்துக்கு மெரளும்னு லாயத்துல கட்டிப்போட்டு நான் பக்கத்துலயே நின்னு காதுல கதை சொல்லிக்கிட்டிருந்தேன். எல்லாரும் லட்டு வாங்கிட்டு வந்தாங்க, எனக்கு ஒரு லட்டு கொண்டாந்து குடுக்க ஆளில்ல. ‘ஆயுத பூசையன்று குதிரைகளுக்குச் சந்தனப் பொட்டிட்டு, சேணங்களுக்குப் பூசை செய்யப்பட்டது.’ செய்யப்பட்டது, ஆமா. அன்னைக்குத்தான் வீட்டுல ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து ஒக்கார வெச்சிருந்தாங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனி. கையில சந்தனத்தோட போயி நின்னேன். அந்த ஆளு காப்பியை உறிஞ்சிக்கிட்டு, ‘கல்யாணத்துக்கு அப்பறம் இந்தக் குதிரை கிதிரையெல்லாம் விட்டுருவீங்கல்லங்க?’ங்கறான். கிதிரையாம். ‘நீங்க பனியன் கினியன் எல்லாம் விட்டுருவீங்களா?’ன்னேன். அம்மா அன்னைக்கு என்கிட்டப் பேசறதை நிறுத்துனவதான், பொங்கல் வரைக்கும் பேசல. எதுக்கு இது இப்ப ஞாபகத்துக்கு வருது. வெயிலு. தொண்டை காயுது. ஒரு டம்ளர் தண்ணி குடுக்கணும்னு ஒருத்தருக்காச்சும் தோணுதா பாரு. ஐப்பசி மழையில மைதானமே சேத்து வயலாட்டம் கெடந்தப்ப, எல்லாரும் வகுப்பறையில ஒக்காந்து குதிரை படம் வரைஞ்சப்ப, நான் மட்டும் கோணியைத் தலையில போட்டுக்கிட்டு இதைக் கயித்துல புடிச்சுச் சுத்தி சுத்தி நடத்தினேன். ‘மெதுவா’ன்னா நடை. ‘எந்திரி’ன்னா ஓட்டம். ‘நில்லுடி’ன்னா நிக்கும். தடை கிட்ட வர்றப்ப ‘வா கழுதை’ன்னா போதும், பூவைத் தாண்டறாப்பல தாண்டும். அந்தச் சொல்லு வர்ற வரைக்கும் காது இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே இருக்கும். அந்தக் காதுக்காகத்தான் நான் காலையில எந்திரிச்சு வந்தேன், வருசம் பூரா.

அதைத்தான் தேவசகாயம் சார் தப்புங்கறாரு. புதன்கிழமை கூட்டத்துல, தாளாளர் எதிர்ல, அந்தப் பட்டாளத்துக் கொரலை எறக்கி, ‘சார், நான் உள்ளதைச் சொல்லுதேன். அந்தக் குதிரை யசோதா மிஸ்ஸுக்கு மட்டுந்தான் போகும். அவங்க சத்தம் கேட்டாத்தான் தாண்டும். ஸ்கூல் குதிரைன்னா எந்தப் பிள்ளை ஏறினாலும் போகணும்லா?’ன்னாரு. நாகர்கோவில்காரர், சுத்தமான மனுசன், பொய் சொல்ல மாட்டாரு. அதுதான் எனக்கு இன்னும் எரியுது. பொய்யா இருந்தா சட்டையைப் புடிச்சிருப்பேன். என்கிட்டத் தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? ‘அம்மா, கொஞ்சம் கொஞ்சமா உங்க சத்தத்தைக் கொறைச்சுக்கிட்டு வாங்க’ன்னு ஒரு வார்த்தை. சொன்னாரு, சொன்னாருதான், தை மாசமே சொன்னாரு. அது எனக்குக் கேக்கல. கேட்டுச்சு, ஆனா நான் கொறைக்கல. எதுக்குக் கொறைக்கோணும்? நான் பேசினா அதுக்குப் புடிக்குது, அது கேட்டா எனக்குப் புடிக்குது. உலகத்துல வேற யாரு நான் சொல்றதை இப்படிக் காதைத் திருப்பிக் கேட்டாங்க? தாளாளர் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, ‘சரி, அப்ப ஆண்டு விழாவுல எம் பேத்தி நவ்யா ஏறட்டும். தாண்டுச்சுன்னா இருக்கட்டும். இல்லீன்னா அனுப்பிப் போடுங்க, சும்மா வெச்சுத் தீனி போட முடியாது’ன்னு தீர்ப்பு சொல்லிப்போட்டாரு. அத்தோட காப்பி வந்துச்சு. குடிச்சாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு ஒரு ராத்திரி பூராப் பொரண்டேன். எங்க கட்டறது, வாடகை வீட்டு மொட்டை மாடியிலயா?

வாசிச்சு முடிச்சுட்டாங்க. கைதட்டறாங்க. வருசம் முடிஞ்சுது, சுபம். குதிரைக வரிசையா வருது. மொத புள்ளை தாண்டிட்டான். அடுத்தவ ஒரு கட்டையைத் தட்டி விட்டுட்டா, நான் ஓடிப்போயி எடுத்து வெக்கறேன், அவங்கப்பன் ஷாமியானாவுல இருந்து ‘ச்ச’ங்கறான், என்னமோ நான் தட்டி விட்ட மாதிரி. இன்னொருத்தன், இன்னொருத்தி. மைக்குல பேரு வருது. கடைசி. நவ்யா. டச்சஸ். ஐயோ, மயிரைப் பின்னி ரிப்பன் கட்டியிருக்காங்க பாரு, கல்யாணப் பொண்ணாட்டம். அதுக்குக் கழுத்துல ஏதாச்சும் கட்டினா புடிக்காதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நவ்யா மேல ஒக்காந்திருக்கா, தொப்பிக்குக் கீழ மூஞ்சி வெளுத்துப் போயி, ஒதட்டைக் கடிச்சுட்டு. கையைப் பாரு, லகானை முறுக்கிப் புடிச்சிருக்கறதைப் பாரு, கெணத்துல தண்ணி சேந்தற மாதிரி. எத்தனை தடவ சொல்லியிருப்பேன், ‘கை தளர்வா இருக்கோணும் கண்ணு, உன் கையில குருவிக்குஞ்சு இருக்கற மாதிரி நெனைச்சுக்க.’ ‘எனக்குக் குருவி புடிக்காது மிஸ்’னு சொன்னவ இவ. திமிரு. தாத்தன் ரத்தம். ‘இது ஸ்டுப்பிட் குதிரை மிஸ்’னு ஒரு நாள் சொன்னா, எனக்கு அறையலாம்னு வந்துச்சு. ஆனா ஒண்ணு, விழுந்தா அழ மாட்டா. கார்த்திகையில சேத்துல மல்லாக்க விழுந்தா, மூஞ்சியெல்லாம் சேறு, எந்திரிச்சு முழங்கையால தொடைச்சுட்டு மறுபடி ஏறினா, ‘ஏம் மிஸ் பாத்துட்டு நிக்கறீங்க, புடிங்க’ன்னா. அதை நான் ஒத்துக்கறேன். மத்தது எதையும் ஒத்துக்க மாட்டேன்.

டச்சஸ் என்னைப் பாத்துருச்சு. கேட்டுக்குள்ள வந்ததும் வராததுமா தலையைத் தூக்கிப் பாத்துருச்சு. காது திரும்புது. வேண்டாண்டி. இந்தப் பக்கம் பாக்காத. எனக்கு வாயில்ல இன்னைக்கு. மொத தடை, ஷாமியானாவுக்குப் பக்கத்துல, நவ்யா காலால எத்தறா, தத்தக்கா பித்தக்கான்னு தாண்டிருச்சு. அப்பாடா. ரெண்டாவது, சரியாப் போவுது, போயிருச்சு. யாரோ கை தட்டறாங்க, சூ, தட்டாதீங்க, மெரளும். திரும்பறா. இப்ப என் பக்கம் வர்றா. மூணாவது. குளம்புச் சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. காது என்மேல. ரெண்டு காதும் என்மேலதான், தடை மேல இல்ல, நவ்யா மேல இல்ல. சொல்லு சொல்லுங்குது. நான் பல்லைக் கடிக்கறேன். வா கழுதை, வா கழுதை, உள்ளுக்குள்ள கத்தறேன், உள்ளுக்குள்ள கத்தறது யாருக்குக் கேக்கும். கட்டைக்கு முன்னால வந்து, முன்காலை ஊணி, நின்னுருச்சு. நவ்யா கழுத்துமேல போயி மோதி, மயித்தைப் புடிச்சுட்டுத் தப்பிச்சா. ஷாமியானாவுல ‘ஓ’ங்கறாங்க. குதிரை என்னைப் பாக்குது. மூக்கு வெடைக்குது. எவ்வளவு கிட்டத்துல நிக்குது, கையை நீட்டினா தொட்டுரலாம். நான் மொகத்தைத் திருப்பிக்கறேன், வேற என்ன பண்ண. தாளாளர் அந்தப் பக்கம் திரும்பி யார்கிட்டயோ என்னமோ சொல்றாரு. என்ன சொல்வாரு, வண்டிக்குச் சொல்லிருன்னு சொல்வாரு.

நவ்யா வட்டம் போட்டுத் திருப்பிக் கொண்டாறா. சாட்டையால ஒண்ணு போட்டா. அடிக்காதடி, அடிச்சா பந்தய ஞாபகம் வந்துரும். அய்யோ என்னைப் பேச விடுங்களேன், ஒரே ஒரு வார்த்தை, ஒரு வார்த்தையில முடியற காரியம், இத்தனை கூட்டத்தைச் சேத்து மைக்கு வெச்சு ஷாமியானா போட்டு ஒரு வார்த்தையை அடைச்சு வெச்சிருக்கீங்களேடா. பேசினா மணி. பேசாட்டி ஊட்டி. இப்படியா ஒரு மனுசியை நடு வெயில்ல நிறுத்துவாங்க. வருது. காது மறுபடியும் என்மேல. கோவம் கோவமா வருது எனக்கு, இப்ப அதும் மேலயே வருது. ஏன் கழுதை, உனக்கு அறிவில்லையா, மேல ஒருத்தி ஒக்காந்திருக்கா தெரியல? கட்டை தெரியல? தாண்டறது உன் காலு, என் வாயில்ல! நின்னுருச்சு. மறுபடியும் நின்னுருச்சு. ரெண்டு. தேவசகாயம் சார் மணியைக் கையில எடுத்துட்டாரு, அடிக்கல, எடுத்து வெச்சுக்கிட்டாரு. அந்த மனுசன் கண்ணுல தண்ணி மாதிரி என்னமோ தெரியுது, வெயிலா இருக்கும். இன்னும் ஒண்ணுதான். இன்னொரு தடவ நின்னா அந்தக் குப்பைமேடு, அந்த ஈ, அந்தத் தூறல்.

நவ்யா குதிரையைத் திருப்பல. நிறுத்தி வெச்சுக்கிட்டு என்னைப் பாக்கறா. மூஞ்சி செவந்து போயிருக்கு, கண்ணுல முட்டிக்கிட்டு நிக்குது, அழல. அவளுக்கும் கோவம். அந்தக் கோவம் எனக்கு அடையாளம் தெரியுது. ‘மிஸ்!’ ஊருக்கே கேக்கற மாதிரிக் கத்தறா. ‘நீங்க அங்க நிக்காதீங்க மிஸ்! அது உங்களையேதான் பாக்குது! என்னைப் பாக்கவே மாட்டேங்குது! போங்க மிஸ்!’ போங்க. என்னைப் போங்கறா. ஏழாங்கிளாஸ் புள்ளை. அத்தனை பேரு பாத்துட்டிருக்காங்க. போடின்னு சொல்ல வாயி வருது, உன் தாத்தனுக்கு வேலைக்காரி நான், உனக்கில்லைன்னு. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அந்தக் காது இன்னும் என்மேல இருக்கு. அழகான காது, நுனியில கொஞ்சம் கறுப்பு. அது நான் சொல்ற வரைக்கும் நிக்கும். நான் நிக்கற வரைக்கும் நிக்கும். திங்கக்கிழமை வண்டி வந்து ஏத்தறப்பவும் இப்படித்தான் காதைத் திருப்பிட்டு நிக்கும், நான் எங்க இருந்தாச்சும் சொல்வேன்னு.

ஆரஞ்சு மேல்சட்டையைக் கழட்டித் தரையில போட்டேன். முதுகைக் காட்டித் திரும்பினேன். நடக்கறேன். ‘யசோதா மிஸ், எங்க போறிய?’ன்னு தேவசகாயம் சார் கூப்புடறாரு. பதில் சொல்ல முடியுமா, சொன்னா மணி. எதிர்ல நின்னு பேசக் கூடாதுன்னு விதி இருக்கு, எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. காலுக்குக் கீழ மணலு புதையுது. பின்னால குதிரை கனைக்குது. கூப்புடுது. என்னைத்தான் கூப்புடுது. காதைப் பொத்திக்கலாம்னு கை எந்திரிக்குது, எறக்கிட்டேன். திரும்பாத. திரும்பினே, நீ மனுசியே இல்ல. கேட்டைத் தாண்டினேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால வந்து காம்பவுண்டு சொவத்தைப் பாத்து நின்னுட்டேன். இங்க இருந்தா அதுக்கு நான் தெரிய மாட்டேன். எனக்கும் அது தெரியாது. ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கல. காக்கா ஒண்ணு கத்துச்சு. அப்பறம் குளம்புச் சத்தம், மொதல்ல மெதுவா, அப்பறம் வேகமா, வேகமா. நிக்கும். இப்ப நிக்கும். நிக்கட்டும்னு ஒரு மனசு சொல்லுச்சு, சத்தியமாச் சொல்லுச்சு, நிக்கட்டும், நானில்லாம உன்னால முடியாதுன்னு எல்லாரும் பாக்கட்டும். அடுத்த நொடியே தாண்டு தாயே, தாண்டிருன்னு சொவத்தைப் புடிச்சுக்கிட்டேன். சத்தம் நின்னுச்சு. கொஞ்சூண்டு நேரம் ஒண்ணுமே இல்ல. அப்பறம் தொப்புன்னு மண்ணுல நாலு காலும் எறங்கற சத்தம். கட்டை விழுகல.

கைதட்டல் கேக்குது. நாலாவதும் போயிருச்சு போல, மறுபடி தட்டறாங்க. அஞ்சு. ஆறு. விசிலடிக்கறாங்க. ஒரு தடைகூட நான் பாக்கல. இந்த வருசம் பூரா அது தாண்டினதுலயே நல்ல தாண்டல் இதுவாத்தான் இருக்கும், அதை ஷாமியானாவுல மோரு குடிச்சவன் எல்லாம் பாத்தான், நான் சொவத்தைப் பாத்தேன். சந்தோசப்படோணும். படறேன். பட்டுட்டுத்தான் இருக்கேன். ஆனா நெஞ்செல்லாம் காந்துது. துரோகி. ரெண்டு நிமிசம் பொறுக்க முடியல உனக்கு. கனைச்சே, நான் வரல, சரின்னு போயிட்டே. அவ்வளவுதானா? கோணியைப் போட்டுக்கிட்டு மழையில நடந்தது அவ்வளவுதானா? நல்லா இரு. இங்கயே இரு. கொள்ளைத் தின்னுட்டு, கண்டவன் ஏற, கண்டவ ஏற, நல்லா இரு. எச்சலைத் துப்பப் பாத்தேன், வாயில ஈரமே இல்ல. தொட்டித் தண்ணியை அள்ளி மொகத்துல அடிச்சேன். குதிரைக குடிக்கற தண்ணிதான், இருந்தா என்ன.

‘யசோதாம்மா, இங்க வாங்க’ன்னு தாளாளர் கூப்புடறாரு. போனேன். அவரைச் சுத்திக் கூட்டம். நவ்யா குதிரை மேலயே ஒக்காந்திருக்கா, கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. ரிப்பனைப் பிச்சு எறிஞ்சிருக்கா. லகான் தொளதொளன்னு தொங்குது. என்னமோ காதுல சொல்லிக்கிட்டிருக்கா, எனக்குக் கேக்கல. குதிரையோட காது அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. நான் வந்ததை அது பாக்கல. தேவசகாயம் சார் மணியைத் துண்டுல சுத்தி வெச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாக்காம நிக்கறாரு. தாளாளர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறாரு. ‘என்னங்கம்மா, உங்களுக்கு மட்டுந்தான் போகும்னாங்க?’ங்கறாரு. எத்தனை பதில் சேத்து வெச்சிருந்தேன், ஆடி மாசத்துல இருந்து சேத்து வெச்சிருந்தேன், அத்தனையும் தொண்டையில வந்து நிக்குது. இப்ப பேசலாம். இப்ப மணி அடிக்க மாட்டாங்க.

‘அப்படியெல்லாம் இல்லீங்க சார்’ன்னேன். ‘யாரு ஏறினாலும் போகும்.’

‘அப்பறம் என்ன, இருந்துட்டுப் போகட்டும்’னு சொல்லிப்போட்டு அவரு சாப்பாட்டுக்கு நடந்துட்டாரு. கூட்டம் அவரு பின்னாலயே போவுது. எனக்குக் கோவம் மட்டும் கொஞ்சமும் கொறையாம அப்படியே நிக்குது. அதை இப்ப யார் மேல காட்டறதுன்னுதான் தெரியல.